ஏர் பிஸ்டல் கிரிப்பை உங்கள் கைக்குச் செதுக்குவது எப்படி

எங்கள் பட்டறையில் முக்கியமான வேலை கதவும் நிலையும்தான். கூடவே போர்டில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு: பத்து மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் பிஸ்டலுக்குக் கிரிப், அதாவது கைப்பிடி, சரிசெய்து கொடுப்பது. நானும் கோவையில் ஒரு கிளப்பில் பிஸ்டல் சுடுகிறவன். அதனால் முதலில் என் கிரிப்பில் கைவைத்தேன், அப்புறம் பக்கத்து லேனில் சுடுகிறவருடையது, அப்புறம் கிளப்புக்கு வரும் பிள்ளைகளுடையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கிளப்பில் இருக்கும் பிஸ்டல்களோ பெரியவர்கள் கைக்கென்று வாங்கியவை. அந்தக் கிரிப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால் யாருக்கும் அரத்தை எடுக்கத் தோன்றும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் போட்டிக்குப் பயன்படும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு மட்டும். மொரினி, ஸ்டெய்ர், வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பௌ என்று எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கிரிப் தனி மரத்துண்டாகக் கழன்று வரும், அதில் வேலை செய்யலாம். லைசென்ஸ் துப்பாக்கியில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அதற்கு உரிமம் உள்ள கடைக்காரரிடம் போங்கள்.

மெத்தென்று இருப்பது போதாது

கடையில் கிரிப்பைப் பிடித்துப் பார்த்து "ஆகா, கைக்கு அப்படியே உட்காருது" என்பவர்கள்தான் அதிகம். அந்தச் சுகத்தை நான் நம்புவதில்லை. நல்ல கிரிப்புக்கு ஒரே ஒரு பரீட்சைதான். காலி பிஸ்டலோடு வெள்ளைச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சுடும்போது தூக்குவதுபோலவே கையைத் தூக்குங்கள். மணிக்கட்டைப் பூட்டி, மூச்சை விட்டு, கண்ணைத் திறங்கள். குறி பார்க்கக் குழாய் நுனியில் இருக்கும் முன் சைட், பின்னால் இருக்கும் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய, தலை மட்டமாக நிற்கிறதா? நின்றால் அது உங்கள் கிரிப். கையை ஆட்டி அசைத்து அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், எவ்வளவு சுகமாக இருந்தாலும் அது இன்னும் உங்கள் கிரிப் ஆகவில்லை.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் பள்ளத்துக்குள் ஒரு மி.மீ. ஓரமாகப் போனால் பத்து மீட்டர் தள்ளி அது 30 மி.மீ. ஆகிவிடும். டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். நடுவில் விழ வேண்டியது ஏழு புள்ளி வட்டத்தில் விழும். கையில் மொத்தப் பிஸ்டலும் லேசாக ஆடினால் இவ்வளவு நஷ்டம் வராது, ஏனென்றால் அப்போது இரண்டு சைட்டும் சேர்ந்தே நகர்கின்றன. சைட் இரண்டும் தங்களுக்குள் கோணினால்தான் பிஸ்டல் உங்களைக் கவிழ்க்கும். அந்தக் கோணலை ஒவ்வொரு ஷாட்டிலும் மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்கிறவர் நாற்பதாவது ஷாட்டுக்குள் களைத்துவிடுவார். போட்டியில் அறுபது சுட வேண்டும், 75 நிமிடத்தில்.

இந்தப் பரீட்சையில் ஒரு குழப்பம் வரும். கண்ணைத் திறந்தால் சைட் இரண்டும் தங்களுக்குள் நேராக இருக்கின்றன, ஆனால் மொத்தமாக டார்கெட்டுக்கு வலது பக்கம் போய் நிற்கின்றன. இது கிரிப் கோளாறு இல்லை, கால் கோளாறு. பின்காலைக் கொஞ்சம் நகர்த்தி நின்றால் சரியாகிவிடும். டார்கெட்டுக்கு நேரே போய் நிற்கிறது, ஆனால் முன் சைட் பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால்தான் கிரிப்பில் வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கால் தப்புக்கு மரத்தைச் செதுக்கியவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய மரம் திரும்ப வராது.

கையில் எடுக்கும் முன்

ஏர் கன்தானே என்ற அலட்சியம் வேண்டாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். குண்டு போடும் வாயான பிரீச்சைத் திறந்து பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று பாருங்கள், காலி என்று காட்டும் சேஃப்டி கயிறைக் குழாய்க்குள் விடுங்கள். 200 பார் வரை காற்று அடைத்த சிலிண்டர் அது, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். எலக்ட்ரானிக் டிரிக்கர் என்றால் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அரம் போடும் ஒவ்வொரு முறையும் கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து முழுதாகக் கழற்றிய பிறகுதான் போட வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு ஆலன் கீ ஸ்க்ரூதான், சோம்பல்படாதீர்கள். மரத்தூள் டிரிக்கருக்குள் போனால் அந்த வேலை உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

சாமான் பட்டியல் சின்னதுதான். அரைவட்ட அரம் ஒன்று, எலிவால் அரம் ஒன்று, 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், தடிமன் அளக்க வெர்னியர், பென்சில், சாக்பீஸ், மருந்துக் கடையில் கிடைக்கும் லூக்கோபிளாஸ்ட் டேப் ஒரு சுருள், இரண்டு நிற மாவைச் சேர்த்துப் பிசைந்தால் கெட்டியாகும் எம்-சீல், கையுறை, மாஸ்க். மாஸ்க்கை விட்டுவிடாதீர்கள். கிரிப் பெரும்பாலும் வால்நட் மரம், அதன் தூள் மூக்கையும் கண்ணையும் அரிக்கும். சுற்றும் மெஷின் வைத்திருப்பவர்கள் அதை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். அரம் மெதுவாகத் தின்னும், யோசிக்க நேரம் கொடுக்கும். மெஷின் கொடுக்காது.

பிடி சரியா?

கிரிப்பைக் குறை சொல்வதற்கு முன் பிடியைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை, கிரிப்பின் மேல் வளைவுக்குள் இடைவெளி இல்லாமல் போய் உட்கார வேண்டும். இடது கையால் குழாய்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பின்னாலிருந்து உள்ளே தள்ளினால்தான் அது நடக்கும். மேலிருந்து பிடித்தால் நடக்காது. நடுவிரல், டிரிக்கரைச் சுற்றி இருக்கும் வளையமான டிரிக்கர் கார்டுக்கு அடியில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும்தான் பிஸ்டலை நேர் பின்னால் இழுத்துப் பிடிக்கின்றன. சுண்டுவிரல் சும்மா கூட இருக்கும், கட்டைவிரலும் அப்படியே. ஆட்காட்டி விரல் மரத்தை எங்கேயும் தொடக் கூடாது. தொட்டால் டிரிக்கர் இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளும், ஷாட் பக்கவாட்டில் ஓடும்.

(நான் எழுதுவதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் வலது கைக் கிரிப்பை இடது கைக்குச் செதுக்கலாமா என்று கேட்காதீர்கள், அது ஆகாது. தனிக் கிரிப்தான் வாங்க வேண்டும்.)

இந்தப் பிடி கைக்கு எட்டவே இல்லை என்றால் முதலில் மரத்தை விடுங்கள், டிரிக்கரில் விரல் படும் தகடான பிளேடைப் பாருங்கள். போட்டிப் பிஸ்டல்களில் அது ஒரு சின்ன ஸ்க்ரூவில் முன்னும் பின்னும் நகரும், பல மாடல்களில் பக்கவாட்டிலும் திரும்பும். ஆட்காட்டி விரலின் முதல் கணுச் சதையின் நடுப்பகுதி பிளேடில் படிந்து, விரல் நேர் பின்னால் இழுக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். சில மாடல்களில் கிரிப்பின் சாய்வையும் திருப்பத்தையும் ஸ்க்ரூவிலேயே மாற்றலாம். ஆலன் கீயில் முடிகிற வேலைக்கு அரம் எதற்கு?

சாக்பீஸ் சொல்லும் கணக்கு

ஸ்க்ரூ எல்லாம் பார்த்த பிறகும் கோணல் இருந்தால் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாக்பீஸைப் பொடித்து உள்ளங்கையிலும் மூன்று விரல்களிலும் பூசுங்கள். ஆட்காட்டி விரலில் வேண்டாம், பொடி டிரிக்கர் பக்கம் போய்விடும். காலி பிஸ்டலை உங்கள் வழக்கமான பிடியில் பிடித்து, தூக்கி, ஒரு ஷாட்டுக்கு நிற்கிற நேரம் நின்று, இறக்கி, கையைத் தேய்க்காமல் நேராக எடுங்கள். கருத்த மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். பளிச்சென்று வெளுத்த இடம் அழுத்துகிற இடம். மங்கலாக இருப்பது தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற இடம். வெறும் மரமாகத் தெரிவது கை போகவே போகாத இடம். வீட்டில் சாக்பீஸ் இல்லை என்று குங்குமத்தை எடுத்தார் ஒருவர். அந்தச் சாயம் மரத்துக்குள் இறங்கிவிட்டது, இன்றைக்கும் அவர் கிரிப் சிவந்துதான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்தாள். "சார், இங்க மட்டும் வலிக்குதுங்க சார்" என்று கட்டைவிரலின் அடிச் சதையைக் காட்டினாள். சாக்பீஸ் பூசிப் பார்த்தால், வெள்ளை முழுவதும் இரண்டு இடத்தில்தான்: கட்டைவிரல் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, அப்புறம் மோதிர விரலின் நுனியில். நடுவில் உள்ளங்கை முழுக்க வெறும் மரம். அதாவது கிரிப் அவள் கைக்குத் தடிமனாக இருக்கிறது. விரல் சுற்றி வர இடமில்லாமல், நுனியால் கொக்கி போட்டுப் பிடித்திருக்கிறாள். பிஸ்டலின் கனம் முழுவதும் கட்டைவிரல் அடியில் ஏறி நிற்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்? அவள் அப்பா பக்கத்திலேயே நின்றார். நான் கிரிப்பைக் கழற்றி வைஸில் மாட்டியதும், "ஏனுங்க, லட்ச ரூபாய்ச் சாமானுங்க, அதுல போயி அரம் போடறீங்களே" என்றார். அவர் பயம் நியாயம்தான். கிரிப்பை மட்டும் தனியாகவும் வாங்கலாம், பிஸ்டல் எங்கேயும் போகாது என்று சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணின் கிரிப்பில் விரல் சுற்றி வரும் இடது பக்கத்தையும், உள்ளங்கை படியும் வலது பக்கப் புடைப்பையும் மட்டும் எடுத்தேன். கவை உட்காரும் மேல் வளைவைத் தொடவில்லை. பென்சிலால் எல்லை போட்டு, அரத்தை ஒரே திசையில் தள்ளி, கொஞ்சம் எடுத்ததும் மாட்டிக் கொடுத்து, மறுபடி சாக்பீஸ். மறுபடி கழற்றி அரம். விரல் நுனியில் இருந்த வெள்ளை, நடுக் கணுவுக்கு நகர்ந்தது. அதுதான் வேண்டும். விரலின் நடுக் கணு பிஸ்டலை இழுத்தால் அது நேர் பின்னால் இழுக்கும், நுனி இழுத்தால் பக்கவாட்டில் முறுக்கும்.

எவ்வளவு வெட்டலாம் என்று கேட்பீர்கள். கிரிப்பைக் கழற்றித் திருப்பி உள்ளே பாருங்கள், பிஸ்டலின் சட்டம் போய் உட்காரும் குழி இருக்கும். அந்தக் குழிச் சுவர் எவ்வளவு தடிமன் என்று வெர்னியரில் அளந்து வெளியே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கில் சுவர் 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஸ்க்ரூ உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த அளவுக்கும் மெலிய விடாதீர்கள், கீறல் விட்டுவிடும்.

முதலில் ஒட்டு, அப்புறம் வெட்டு

வலி ஒரு பக்கம், சைட் கோணல் இன்னொரு பக்கம். கோணலுக்கு மரத்தை எடுப்பதைவிடச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் வழி. சேர்ப்பதற்கும் முன்னால் லூக்கோபிளாஸ்டை ஒட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினாலே முன் சைட் நகர்வது கண்ணுக்குத் தெரியும், பிடிக்கவில்லை என்றால் பிய்த்துப் போட்டுவிடலாம்.

எங்கே ஒட்டுவது? கிரிப்பின் பின்பக்கத்தை எந்தத் திசையில் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்த் திசையில் குழாயின் வாய் போகும், இதை மட்டும் மனதில் வையுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் சைட் பள்ளத்தின் வலது ஓரத்தில் நிற்கிறது என்றால் குழாய் வலது பக்கம் போகிறது. அதை இடது பக்கம் கொண்டுவர, கிரிப்பின் பின்பக்கத்தை வலது பக்கம் தள்ள வேண்டும். அதற்கு, கிரிப்பின் பின்புறத்தில் இடது பக்கமாக, கட்டைவிரலின் அடிச் சதை படியும் இடத்தில் ஒட்டுங்கள். முன் சைட் இடது ஓரத்தில் நின்றால், பின்புறத்தில் வலது பக்கமாக, உள்ளங்கை படியும் புடைப்பில் ஒட்டுங்கள். முன் சைட் பள்ளத்துக்குள் தாழ்ந்து கிடந்தால் கிரிப்பின் பின்பக்கத்தில் கீழே, உள்ளங்கையின் அடிமேடு படியும் இடத்தில் ஒட்டினால் குழாய் மேலே எழும். முன் சைட் தலை தூக்கி நின்றால் அதே இடத்தில் கொஞ்சம் எடுக்க வேண்டும், அல்லது சாய்வு ஸ்க்ரூ இருந்தால் அதைத் திருப்ப வேண்டும். கைக்குக் கை கொஞ்சம் மாறும், அதனால்தான் டேப்.

டேப்போடு சில வாரம் பயிற்சி செய்யுங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் காலை ஆறு மணிக் கையும் மதியம் மூன்று மணிக் கையும் வேறு வேறு. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத ரேஞ்சில் முப்பது ஷாட் சுட்ட கை வீங்கி நிற்கும். நான் எப்போதும் பயிற்சி முடிந்து கை சூடாக இருக்கும்போதுதான் அளவு எடுக்கச் சொல்வேன். குளிர்ந்த கைக்கு இறுக்கமாகச் செதுக்கிய கிரிப், போட்டியின் பாதியில் கையைக் கவ்வும். புதுச் செருப்பு மாதிரி பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மரம் பழகாது.

எம்-சீல் வேலை

டேப் சரியான இடத்தைக் காட்டிவிட்டது என்றால் அதன் எல்லையைப் பென்சிலால் சுற்றி வரைந்து, டேப்பைப் பிய்த்து, அந்த இடத்தில் இருக்கும் வார்னிஷையும் எண்ணெயையும் 80 நம்பர் தாளில் போகத் தேயுங்கள். வழவழப்பான மரத்தில் எம்-சீல் நிற்காது, கொஞ்ச நாளில் தட்டாகக் கழன்று வரும். சின்ன டிரில்லால் அங்கங்கே இரண்டு மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை போட்டுவிட்டால் எம்-சீல் அதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். குழி வரைக்கும் போய்விடாமல் டிரில்லில் டேப் சுற்றி ஆழக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

கையுறை போட்டு இரண்டு நிறத்தையும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அப்புங்கள். கிரிப்பைப் பிஸ்டலில் மாட்டும் முன் சட்டத்தின் மேல் மெல்லிய பாலிதீன் சுற்றி, ஸ்க்ரூவில் வாசலின் தடவுங்கள், இல்லையென்றால் கிரிப் பிஸ்டலோடு ஒட்டிக்கொள்ளும். எம்-சீல் மேலேயும் ஒரு பாலிதீன் தாள். இனி காலி பிஸ்டலை உங்கள் பிடியில் பிடித்து, சுடும் நிலையில் கையைத் தூக்குங்கள். சைட்டை நடுவுக்குக் கொண்டுவர மணிக்கட்டைத் திருகாதீர்கள், கைக்குள் பிஸ்டல் தானாக உட்கார விடுங்கள். அமுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் விரல் தடம் ஆழமாக விழும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்த நாள் கையை ஒரு மி.மீ. மேலே வைத்தால் மேடு பள்ளம் எல்லாம் தப்பான இடத்தில் குத்தும். விரலுக்கு விரல் வரப்பு வெட்டிய கிரிப் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

கையை எடுத்துவிட்டு, பிதுங்கி வந்ததை ஈரக் கத்தியால் வழித்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கெட்டியானதுபோலத் தெரியும். அப்போது அரம் போட்டால் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும். மறுநாள் அரம், அப்புறம் 120, அப்புறம் மறுபடி சாக்பீஸ். உள்ளங்கையின் நடுக் குழியை முழுக்க நிரப்பச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் கொஞ்சம் காலியாகவே விடுவேன். பிடி இறுகும்போது அந்தக் குழியின் ஆழம் மாறுகிறது, முழுக்க நிரப்பிவிட்டால் ஒவ்வொரு பிடிக்கும் பிஸ்டல் ஒவ்வொரு மாதிரி நிற்கும்.

கீழே இருக்கும் தாங்கி

கிரிப்பின் அடியில் மேலும் கீழும் நகரும் தட்டு ஒன்று இருக்கிறது, பாம் ஷெல்ஃப். புதிதாக வருகிறவர்கள் இதைக் கையைக் கவ்வும் அளவுக்கு இறுக்கிவிடுகிறார்கள். அது கையைத் தாங்க வேண்டும், கவ்வக் கூடாது. கையை உள்ளே தள்ளி உட்காரவைத்த பிறகு ஷெல்ஃபை மேலே தள்ளிக்கொண்டு வாருங்கள், சதையைத் தொட்டதும் ஒரு மயிரிழை இறக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள். வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். பெட்டியில் இருந்து பிஸ்டலை எடுக்கும்போதெல்லாம் கை அதே இடத்தில் போய் உட்கார்ந்தால் போதும். சரியான இடம் கிடைத்ததும் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள், ஸ்க்ரூ தளர்ந்தால் கண்டுபிடிக்கலாம்.

விதி இங்கேதான் அதிகம் இடிக்கும். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளன விதிப்படி ஷெல்ஃப் கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். அதாவது கையை மேல் நோக்கி அணைத்து வளைக்கக் கூடாது. கட்டைவிரல் தாங்கியும் அப்படியே, கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழும்ப வேண்டும். கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. மொத்தப் பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எம்-சீல் அப்புகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த 50 மி.மீ. கட்டைவிரல் தாங்கியிலிருந்து எதிர்ப் பக்கப் புடைப்பு வரை அகலம் சத்தமில்லாமல் கூடிப்போகும். போட்டிக்கு முந்தின நாள் கருவிச் சோதனையில் பெட்டிக்குள் போகாத கிரிப்பை அங்கேயே உட்கார்ந்து உப்புத்தாளில் தேய்க்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே பலகையில் அந்த அளவுக்கு ஒரு பெட்டி அடித்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

பழைய ஆட்கள் "எங்க காலத்து ஃப்ரீ பிஸ்டல் கிரிப் கையையே சுத்திக்கும்" என்று கதை சொல்வார்கள். உண்மைதான். 50 மீட்டர் பிஸ்டலில் கையை முழுக்கச் சூழ்ந்துகொள்ளும் கிரிப்புக்கு அனுமதி இருந்தது. ஜிது ராய் 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் அது இல்லை. அந்தக் கிரிப்பின் படத்தைப் பார்த்து ஏர் பிஸ்டலுக்குச் செய்து கேட்காதீர்கள்.

வியர்வையும் பூச்சும்

நம் ஊரில் கிரிப் வழுக்குவதுதான் பெரிய தொல்லை. வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கினால் முதல் சீரிஸிலேயே, அதாவது முதல் பத்து ஷாட்டிலேயே, கை நழுவும். நான் வார்னிஷே அடிப்பதில்லை. 220 தாளோடு நிறுத்திவிட்டு, விரல் படியும் இடத்திலும் உள்ளங்கை படியும் இடத்திலும் ஆணி போன்ற சின்னப் பஞ்ச் கருவியால் நெருக்கமாகப் புள்ளி குத்திவிடுவேன். தொழிற்சாலைக் கிரிப்பில் இருக்கும் சொரசொரப்பு கிட்டத்தட்ட வந்துவிடும். எம்-சீல் அப்பின இடத்தில் பஞ்ச் குத்தினால் பொரிந்துவிடும், அங்கே மட்டும் கரடுமுரடான தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் போதும். ஈரம் மரத்துக்குள் இறங்காமல் இருக்க லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு கை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போட்டுக் காயவைத்து எறியுங்கள்.

எல்லாம் முடிந்து மாட்டியதும் ரேஞ்சுக்கு ஓடி சைட்டைத் திருக வேண்டாம். கிரிப் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், ஆனால் கையும் புதுப் பிடிக்குப் பழக வேண்டுமே. முதல் கொஞ்ச நாள் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிக்கர் இழுத்துப் பழகுவது) மட்டும், அப்புறம் வட்டம் இல்லாத வெள்ளை அட்டையில் பெல்லட். குண்டுகள் ஓரிடத்தில் குழுவாக நெருங்கி விழ ஆரம்பித்த பிறகு, அந்தக் குழுவின் நடுவைப் பார்த்து, பின் சைட்டை நகர்த்தும் ஸ்க்ரூவை வேண்டிய கிளிக் அளவுக்கு ஒரே தடவையில் திருப்புங்கள். எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று கிரிப்பின் உள்பக்கத்தில், குழிக்குள், பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைகள் கை என்றால் அடுத்த வருஷமே இந்தக் கிரிப் மறுபடி என் வைஸுக்கு வரும், அப்போது அந்தக் கணக்கு வேண்டும்.